கணித ரீச்சரிடம் இதைச் சொல்லலாமா?: பாடசாலை உளவளத்துணையின் சிக்கல்

இலங்கைப் பாடசாலைகளில் 'ஆலோசனையும் வழிகாட்டலும்' என்ற பெயர்ப்பலகை புதிய விடயமல்ல. அதற்குப் பொறுப்பானவர் பெரும்பாலும் ஓர் ஆசிரியர். காலையில் கணிதம் படிப்பிப்பவர், இடைவேளைக்குப் பின் உளவளத்துணையாளர். சில இடங்களில் ஒழுக்காற்றுக் குழுவிலும் அவரே இருப்பார். புள்ளி போடுபவரிடமும் தண்டிப்பவரிடமும் ஒரு பிள்ளை தன் பயத்தைச் சொல்லுமா?

வடக்கு கிழக்கில் இத்துறை வளர்வதற்குப் போரும் 2004 சுனாமியும் காரணமாயின. யாழ்ப்பாணத்தில் உளமருத்துவர் தயா சோமசுந்தரம் போன்றோரின் பணியும், சாந்திகம் போன்ற நிறுவனங்களின் பயிற்சிகளும் அதற்கு அடித்தளமிட்டன. உளவளத்துணை, சீர்மியம், ஆற்றுப்படுத்தல் என்று தமிழில் பல பெயர்கள். மாணவர்களுக்கு அது 'கவுன்சிலிங்' மட்டுமே. "உன்னைக் கவுன்சிலிங்குக்கு அனுப்புவன்" என்பது வகுப்பறையில் மிரட்டலாகவே ஒலிக்கிறது.

நோயைக் கண்டறிவது இவர்களின் வேலையல்ல. திடீரென்று பேச்சைக் குறைத்த பிள்ளை, வகுப்பில் தூங்கிவிழும் பிள்ளை, புலமைப்பரிசிலுக்கோ சாதாரண தரத்துக்கோ முன்னர் அடிக்கடி வயிற்றுவலி என்று வீட்டில் நிற்கும் பிள்ளை ஆகியோரைக் கவனிப்பதும், குறுக்கிடாமல் கேட்பதும், தேவையானால் வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு அனுப்புவதுமே வேலை.

கேட்டதை ஆசிரியர் ஓய்வறையில் கதைக்கக் கூடாது. ஆனால் இரகசியத்துக்கும் எல்லை உண்டு. உயிராபத்தோ துஷ்பிரயோகமோ இருந்தால் உரியவர்களுக்கு அறிவிக்க வேண்டியிருக்கும் என்பதை முதற்சந்திப்பிலேயே பிள்ளைக்குச் சொல்லிவிட வேண்டும். பிறகு சொன்னால் அது துரோகமாகவே படும். தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகக் கேட்பது அந்த எண்ணத்தை விதைக்காது. பலருக்கு அது ஆறுதல். தற்கொலை முயற்சி இலங்கையில் 1998 முதல் குற்றமல்ல. ஆனாலும் பொலிசுக்குப் பயந்து மறைக்கும் குடும்பங்கள் இன்னும் உள்ளன.

பாடசாலைகளில் உடல்ரீதியான தண்டனையைக் கல்வி அமைச்சின் 2005ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை தடைசெய்தது. பிரம்பு இன்னும் மேசையில் கிடக்கும் பாடசாலையில் உளவளத்துணையாளர் எவ்வளவு கனிவாகப் பேசினாலும் பிள்ளை முதலில் பிரம்பைத்தான் பார்க்கும்.

கற்பித்தலும் ஒழுக்காற்றுப் பொறுப்பும் இல்லாத முழுநேர உளவளத்துணையாளர்களே தேவை. அதுவரை அதிபர்கள் செலவின்றிச் செய்யக்கூடியவை சில உண்டு: அந்த ஆசிரியரை ஒழுக்காற்றுக் குழுவிலிருந்து விலக்கலாம், பாடவேளைகளைக் குறைக்கலாம், யார் உள்ளே போகிறார் என்று எல்லோரும் பார்க்கும் இடத்திலிருந்து அறையை மாற்றலாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926, சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 ஆகிய தொலைபேசி இலக்கங்களை வகுப்பறைச் சுவரில் ஒட்டுவதற்கு யாருடைய அனுமதியும் தேவைப்படாது.