தமிழ் லுத்தரன் சபைகளின் வேதபாடத் துணைநூல்கள்

தமிழ் லுத்தரன் சபைகளில் வேதத்தைக் கற்கவும் கற்பிக்கவும் கைக்கொள்ளப்பட்ட வினாவிடை நூல், வேதாகமப் பதிப்பு, அகராதி ஆகியவை இத்தலைப்பில் அடங்கும். 1706 ஜூலை 9இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய பர்த்தலோமேயு சீகன்பால்கு, ஹென்ரிக் புளூட்சௌ ஆகியோரின் பணியிலிருந்து இவற்றின் வரலாறு தொடங்குகிறது.

சபைக்குள் ஆழமாக வேரூன்றியது வினாவிடைதான். மார்ட்டின் லுத்தர் 1529இல் வெளியிட்ட சிறிய ஞானோபதேசத்தை சீகன்பால்கு தமிழாக்கினார். பத்துக் கட்டளைகள், விசுவாசப் பிரமாணம், கர்த்தருடைய ஜெபம், ஞானஸ்நானம், திருவிருந்து என்று அதன் பாடங்கள் செல்லும். உபதேசியார் கேள்வி கேட்பார். சபையார் மனப்பாடமாக விடை சொல்வார்கள். எழுத்தறியாதவரும் வேதம் கற்க இதில் வழி இருந்தது. பின்னாளில் வந்த எந்தப் பெரிய நூலும் இத்தனை பேரைச் சென்றடைந்திருக்க முடியாது.

வேதாகமத்தை அச்சிட ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்த தமிழ் அச்செழுத்துகள் மிகப் பெரியவை. அவற்றால் காகிதம் கட்டுப்படியாகவில்லை. எனவே தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்துப் புதிய ஏற்பாட்டை 1715இல் அச்சிட்டு முடித்தார்கள். பொறையாறில் காகித ஆலையும் அமைத்தார்கள். 1719இல் சீகன்பால்கு இறந்தபோது பழைய ஏற்பாட்டின் மொழிபெயர்ப்பு ரூத் வரை வந்திருந்தது. எஞ்சியதை பெஞ்சமின் சூல்ச் முடித்தார்.

அடுத்த பெரும் உழைப்பாளி யோவான் பிலிப்பு பப்ரிசியுஸ். புதுச்சேரியை 1761இல் ஆங்கிலேயர் பிடித்தபோது கைப்பற்றிய அச்சகம் சென்னை வேப்பேரியில் இருந்த இவரது மிஷனுக்குக் கிடைத்தது. அங்கே 1772இல் இவரது புதிய ஏற்பாடும், 1779இல் தமிழ்-ஆங்கில அகராதியும் வெளிவந்தன. வேதத்தைத் தமிழாக்கச் சொல் சொல்லாகத் தேடியவரின் உழைப்பு அந்த அகராதியில் தெரிகிறது. பழைய ஏற்பாடு முழுதும் அச்சேறி முடியுமுன் 1791இல் அவர் காலமானார். லுத்தரன் சபைகள் அவருடைய பதிப்பை நெடுங்காலம் விடாமல் பிடித்துக்கொண்டன. பிற சபைகள் 1871இல் வெளிவந்த ஹென்றி பவர் குழுவின் பதிப்புக்கு மாறிய பிறகும் அந்தப் பற்று தளரவில்லை. இதனால் ஒரு சங்கடமும் இருந்தது: ஒரு பதிப்பின் சொற்களைக் கொண்டு தொகுத்த ஒத்தவாக்கிய அகராதி (ஒரு சொல் வேதத்தில் வரும் இடங்களைக் காட்டும் நூல்), வேறு பதிப்பை வாசிப்பவருக்கு முழுமையாக உதவாது.

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்து வறண்ட நிலத்தில் வேதபாடம் வேறு வழியாக வந்தது. 19ஆம் நூற்றாண்டில் இங்கே வேலை செய்தது அமெரிக்க மதுரை மிஷன். திருச்சுழிப் பக்கத்து மண்டபசாலை அதன் நிலையங்களில் ஒன்று. ஊழியர்களுக்கான பயிற்சி மதுரையை அடுத்த பசுமலையில் நடந்தது. இந்த மிஷனின் சபைகள் லுத்தரன் சபைகள் அல்ல. ஆனாலும் பவர் குழு பப்ரிசியுஸின் மொழிபெயர்ப்பையே அடிப்படையாகக் கொண்டது என்பதால், இந்தக் கரிசல் ஊர்களில் வாசிக்கப்பட்ட வேதாகமத்திலும் வேப்பேரி லுத்தரனின் உழைப்பு கலந்திருந்தது. சபை எல்லைகளை மட்டும் பார்த்து எழுதப்படும் வரலாறுகள் இந்த உறவைக் கவனிக்கத் தவறுகின்றன.

1919இல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை உருவானது. மிசூரி லுத்தரன் மிஷனின் பணியிலிருந்து 1958இல் இந்திய சுவிசேஷ லுத்தரன் திருச்சபை பிறந்தது. 1969இல் லுத்தரன் திருச்சபையும் தென்னிந்தியத் திருச்சபையும் இணைந்து மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரியைத் தொடங்கியபின், இரு சபை ஆயர்களும் ஒரே நூலகத்தில் பயின்றார்கள். 1995இல் கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையினரும் சேர்ந்து உருவாக்கிய பொது மொழிபெயர்ப்பு வெளிவந்தது.

பப்ரிசியுஸின் அகராதி தரங்கம்பாடியில் திருத்தி விரிவாக்கப்பட்டுப் பலமுறை அச்சானது. 1972ஆம் ஆண்டின் நான்காம் பதிப்பை சிகாகோ பல்கலைக்கழகம் இணையத்தில் ஏற்றியிருக்கிறது; கைப்பேசி உள்ள எவரும் அதில் கட்டணமின்றிச் சொல் தேடலாம்.