ஒரு எழுத்துக்கு எத்தனை கட்டம்?

பி.காம். படிக்கிறவனுக்கு சி மொழியில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். விடுதி மெஸ் கணக்குக்காக ஒரு சின்ன நிரல் எழுதினேன். இடப்பக்கம் பெயர், வலப்பக்கம் பாக்கி. ஆங்கிலத்தில் அடித்த பெயர்கள் ஒழுங்காக நின்றன. தமிழ்ப் பெயர் வந்த வரிகளில் மட்டும் தொகை கோணல்மாணலாக இடம் மாறியது. காரணம் தேடப்போய்க் கிடைத்த வரலாறுதான் இந்தப் பதிவு.

கதை 1970களின் கடைசியில், அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்குகிறது. அன்றைய டெர்மினல் என்பது ஒரு திரையும் விசைப்பலகையும்தான். கணினி வேறெங்கோ இருக்கும். 1978ல் வந்த விடி100 டெர்மினலில் 24 வரிகள், வரிக்கு 80 கட்டங்கள். மொத்தம் 1920 எழுத்துகள். 300 பாட் தொலைபேசி இணைப்பில் நொடிக்கு சுமார் 30 எழுத்துகள்தான் போகும். ஒரு திரையை நிரப்ப 64 நொடி! டீ குடித்துவிட்டே வரலாம்.

இந்தத் தொல்லைக்கு மருந்தாக வந்தது 'கர்சஸ்' நூலகம். பில் ஜாய் தன் விஐ எடிட்டருக்காக எழுதிய பகுதிகளை வைத்து கென் ஆர்னால்ட் இதை உருவாக்கினார். திரையின் நகல் ஒன்றை நினைவகத்தில் வைத்துக்கொண்டு, மாறிய கட்டங்களை மட்டும் அனுப்புவதுதான் இதன் தந்திரம். நகல் கையில் இருப்பதால் இன்னொரு வசதியும் உண்டு. 'இந்த இடத்தில் என்ன எழுதியிருக்கிறது?' என்று கேட்டால் டெர்மினலிடம் போகாமல், பேரேட்டைப் பார்த்துச் சொல்வதுபோல் சொல்லிவிடும்.

ஆனால் அந்தப் பேரேட்டில் ஒரு எழுத்துக்கு ஒரு பைட், ஒரு கட்டம். ஆங்கிலத்துக்குப் போதும். உலகத்துக்குப் போதுமா?

1989ல் வந்த சி மொழித் தரம் 'அகல எழுத்து' என்ற வகையைச் சேர்த்தது. 1991ல் வந்த யூனிகோடு 1.0ல் தமிழுக்கும் இடம் கிடைத்தது. 1992ல் கென் தாம்சன் யுடிஎஃப்-8 முறையை நியூஜெர்சியில் ஓர் உணவகத்தின் மேசைவிரிப்புத் தாளில் வரைந்தார். 1996ன் எக்ஸ்/ஓபன் கர்சஸ் தரத்தில் திரையிலிருந்து அகல எழுத்துகளைப் படிக்கும் 'இன்டபிள்யூஎஸ்டிஆர்' போன்ற கட்டளைகள் இருந்தன. 1993ல் பிறந்த என்கர்சஸ் நூலகம் 2002ல் வந்த 5.3 பதிப்பில் அகல எழுத்துகளைக் கையாண்டது.

ஒரு எச்சரிக்கை. இந்தக் கட்டளைக்கு அளவு சொல்ல முடியாது. வரியின் கடைசி வரை அள்ளிக் கொட்டும். வாங்கும் பை சின்னதாக இருந்தால் வழிந்து பக்கத்து நினைவகத்தையும் கெடுக்கும். பெயரில் ஒரு 'என்' கூடுதலாக உள்ள தம்பிக் கட்டளைக்கு 'இத்தனைக்கு மேல் வேண்டாம்' என்று சொல்லலாம். அதுவே பாதுகாப்பு.

சரி, என் மெஸ் கணக்கு என்ன ஆயிற்று? 'தமிழ்' என்ற சொல்லையே பாருங்கள். நமக்கு 3 எழுத்து. யூனிகோடில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என 5 குறியீடுகள். யுடிஎஃப்-8ல் ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 15. லினக்ஸ் டெர்மினல் கணக்கில் புள்ளிக்குத் தனிக் கட்டம் கிடையாது, இகரக் குறிக்கு உண்டு. ஆக 4 கட்டம். ஒரே சொல்லுக்கு 3, 4, 5, 15 என்று நான்கு விடை! என் நிரல் பைட்டை எண்ணியது, திரை கட்டத்தை எண்ணியது. இப்படி இருந்தால் எந்த ஐந்தொகை டேலி ஆகும்?

இப்போது கட்டத்தை எண்ணும்படி திருத்திவிட்டேன், தொகை நேராக நிற்கிறது. ஆனால் அகல எழுத்தாகப் படித்தாலும் கணினிக்குத் 'தமிழ்' ஐந்துதான், மூன்றல்ல. முதல் வகுப்பில் நாம் எண்ணிய கணக்கு அதற்கு இன்னும் தெரியாது. அதை நிரல் எழுதுகிறவர்தான் சொல்லித்தர வேண்டும்.

உங்கள் பெயருக்கு எத்தனை எழுத்து, எத்தனை பைட்? எண்ணிப் பார்த்துச் சொல்லுங்களேன்.