கதை வேண்டும், முகம் வேண்டாமா?

1954-ஆம் ஆண்டு, மார்ச் முதல் நாள். பசிபிக் கடலிலே, பிக்கினித் தீவுத் திட்டிலே, அமெரிக்க அரசு ஹைட்ரஜன் குண்டொன்றை வெடித்துப் பார்த்தது. தொலைவிலே மீன் பிடித்துக்கொண்டிருந்த ஜப்பானியப் படகின்மீது வெண்சாம்பல் மழையெனப் பெய்தது. படகில் இருந்தோர் 23 பேர். அனைவரும் நோயுற்றனர்; செப்டம்பரில் ஒருவர் மாண்டார். அந்தப் படகின் பெயர் என்ன தெரியுமா? 'நற்பேறுடைய டிராகன்'! பெயரிலே பேறு இருந்தது, பிழைப்பிலே இல்லை.

அவ்வாண்டு நவம்பரில் ஜப்பானில் ஒரு படம் வெளிவந்தது. பெயர் 'கோஜிரா'. எடுத்தவர் இஷிரோ ஹோண்டா. ஹைட்ரஜன் குண்டுச் சோதனையால் கடலடியிலிருந்து கிளர்ந்தெழுந்த பூதம், டோக்கியோ நகரைத் துவைத்து எறிகிறது. இரயிலில் செல்லும் ஒரு பெண், நாகசாகியில் தப்பிப் பிழைத்த உயிர் இதற்கா என்று நொந்துகொள்கிறாள். குண்டுச் சோதனை நிற்காவிடில் இன்னொரு பூதமும் கிளம்பும் என்று முதிய அறிவியலார் எச்சரிக்கப் படம் முடிகிறது.

வேடிக்கைப் படமா அது? வேதனைப் படம்! சுட்டவனை நோக்கிச் சுடப்பட்டவன் எழுப்பிய கேள்வி!

1956-இல் அது அமெரிக்கா சென்றது. எப்படிச் சென்றது? நாகசாகியைச் சொன்ன பெண் வெட்டப்பட்டாள். முதியவரின் எச்சரிக்கை நீக்கப்பட்டது. அந்த இடத்திலே ரேமண்ட் பர் என்ற வெள்ளை நடிகர் நுழைக்கப்பட்டார். அமெரிக்கச் செய்தியாளராம், டோக்கியோவுக்கு வந்தாராம், எரிகிற நகரைப் பார்த்தாராம், நமக்கு விளக்குகிறாராம்! ஜப்பானிய நடிகர்களுடன் அவர் உரையாடுவதாகத் தோன்ற, முதுகு மட்டும் தெரியும்படி வேறு ஆட்களை நிறுத்திப் படம் பிடித்தார்கள். எரிந்தது ஜப்பானியன் வீடு. இறந்தது ஜப்பானியன் பிள்ளை. ஆனால் துயரத்தைச் சொல்ல மட்டும் ஒரு வெள்ளை முகம் தேவைப்பட்டது. வெட்டுப்படாத மூலப்படம் அமெரிக்கத் திரையரங்குகளில் பரவலாகக் காட்டப்பட்டது 2004-இல்தான். ஒரு கேள்வி கடல் கடக்க ஐம்பது ஆண்டுகள்!

இப்படிச் சொல்வதால், ஜப்பானியர் கதையை ஜப்பானியர்தாம் நடிக்க வேண்டும், அடுத்த நாட்டார் தொடலாகாது என்று நாம் வேலி கட்டுவதாக எவரும் எண்ணிவிட வேண்டாம். கதைக்கு எல்லைக்கல் கிடையாது. ஜப்பானின் பெரும் இயக்குநர் அகிரா குரோசாவா, ஷேக்ஸ்பியரின் 'மாக்பெத்'தை எடுத்து 1957-இல் சாமுராய்க் கதையாக்கினார். 'லியர் மன்ன'னை அடிப்படையாக வைத்து 1985-இல் 'ரான்' படைத்தார். இங்கிலாந்து எதையும் இழந்துவிடவில்லை. உலகம் இரண்டு நல்ல படங்களைப் பெற்றது. கொடுக்கல் வாங்கலே பண்பாடு. குற்றம் எடுத்ததிலே இல்லை. எடுத்தபின் எதை எறிந்தார்கள் என்பதிலே இருக்கிறது.

அதே குரோசாவாவின் 'ஏழு சாமுராய்' 1954-இல் வந்தது. கொள்ளையரிடமிருந்து தம்மைக் காத்துக்கொள்ள உழவர்கள் ஏழு வாள்வீரர்களை அமர்த்தும் கதை. 1960-இல் ஜான் ஸ்டர்ஜஸ் அதனை 'தி மேக்னிபிசென்ட் செவன்' என்று எடுத்தார். களம் மெக்சிகோ நாட்டுச் சிற்றூர். வாள் போய்த் துப்பாக்கி வந்தது. இது நேர்மையான இடமாற்றம். இதிலே ஓர் அரிய பாடமும் உண்டு.

சாமுராய் என்பது தொழில் மட்டுமன்று, பிறப்பு. எனவே மூலக்கதையில் உழவர் மகளை இளம் வீரன் காதலித்தாலும் அவன் கை அவளுக்கு எட்டாது. போர் முடிந்ததும் அவள் அவனைக் கடந்து நாற்று நடப் போய்விடுகிறாள்; அவன் நின்ற இடத்திலேயே நிற்கிறான். நடுவே நிற்பது பிறப்பென்னும் பெருஞ்சுவர்! அமெரிக்கக் கதையிலோ துப்பாக்கி வீரன் எவனும் ஆகலாம். அது வெறும் பிழைப்பு. ஆகவே அங்கே இளைஞன் திரும்பி வருகிறான். இடுப்புத் துப்பாக்கியைக் கழற்றி வைத்துவிட்டு, மக்காச்சோளம் உரிக்கும் பெண்ணருகே அமர்கிறான். களம் மாறியது, காதலின் முடிவே மாறிற்று. சுவர் கடவுள் எழுப்பியதன்று, ஊர் எழுப்பியது என்பதை இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்ப்பவன் ஒரு நொடியில் உணர்வான்.

ஆனால் அங்கேயும் ஒரு கறை. கதை நடப்பது மெக்சிகோவில். அந்த மெக்சிகோ இளைஞனாக நடித்தவர் பெர்லினில் பிறந்த ஹார்ஸ்ட் புக்ஹோல்ஸ். மெக்சிகோக் கொள்ளைத் தலைவனாக நடித்தவர் நியூயார்க்கில் பிறந்த ஈலை வாலக். திறமையில் குறைந்தவர்கள் அல்லர். எனினும் கேட்கிறோம்: மெக்சிகோவின் மண் வேண்டும், மெக்சிகோவின் மலை வேண்டும், மெக்சிகோவின் மகன் மட்டும் முன்வரிசைக்கு வேண்டாமா?

ஏன் இந்தப் பழக்கம்? "மக்கள் விரும்புவதில்லை, வாணிபம் நடக்காது" என்பது படமுதலாளிகளின் பழைய பாட்டு. வரலாறு அதைப் பொய்யாக்குகிறது. 1915-இல் 'தி சீட்' என்ற ஊமைப்படத்தில் நடித்த செஸ்ஸூ ஹயகாவா, ஜப்பானில் பிறந்தவர். அமெரிக்கப் பெண்கள் அவரைக் காணத் திரையரங்குகளை மொய்த்தார்கள். 1918-இல் சொந்தமாகப் படநிறுவனமே தொடங்கினார். விரும்பாத மக்களா அவரை உச்சியில் வைத்தார்கள்? விரும்பினார்கள், ஆனால் அவருக்குத் தந்த வேடமோ, வெள்ளைப் பெண்ணுக்குச் சூடு வைக்கும் கொடியவன் வேடம். அமெரிக்காவில் வாழ்ந்த ஜப்பானியர் கண்டித்தனர். 1918-இல் மறுவெளியீடு செய்தபோது எழுத்தட்டையை மாற்றி அவனைப் பர்மாக்காரன் ஆக்கிவிட்டார்கள்! பர்மியர் சார்பிலே கேட்க அங்கே ஆள் இல்லை போலும்.

பின்னர் விதியே எழுதினார்கள். 1930-இல் வகுத்து, 1934 முதல் இறுக்கிப் பிடித்த ஹாலிவுட் ஒழுக்க விதி, வெள்ளையர்க்கும் கறுப்பர்க்கும் இடையே உறவு காட்டலாகாது என்றது. நடைமுறையில் அந்தத் தடை ஆசியர் மீதும் பாய்ந்தது. லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்த சீன மரபினரான அன்னா மே வாங், சீன உழவர் வாழ்வைச் சொல்லும் 'தி குட் எர்த்' படத்தில் தலைவியாகும் தகுதி படைத்தவர். ஆனால் தலைவனாக வெள்ளையரான பால் முனி அமர்த்தப்பட்டார். அவருக்கு மனைவியாக ஓர் ஆசியப் பெண் நடிக்கலாமா? விதி இடந்தராது! 1937-இல் வந்த அப்படத்தில் லூயிஸ் ரெய்னர் சீனப் பெண்ணானார். ஆஸ்கார் விருதும் பெற்றார். முதலில் கதவைச் சாத்தினார்கள், பிறகு, "உள்ளே எவரும் இல்லையே, பெயர் பெற்ற ஆசிய நடிகர் எங்கே?" என்றார்கள். வாணிப விதி என்பது வானத்திலிருந்து விழுந்ததன்று. ஆட்கள் அறையில் அமர்ந்து எழுதியது.

அந்த ஒழுக்க விதி 1968-இல் ஒழிந்தது. பழக்கம் ஒழிந்ததா?

2017-இல் வந்தது 'கோஸ்ட் இன் த ஷெல்'. மசமுனே ஷிரோவின் சித்திரக்கதை. 1995-இல் மமோரு ஓஷி அதைக் கார்ட்டூன் படமாக்கி உலகப் புகழ் ஈட்டினார். அதன் தலைவி மோட்டோகோ குசனாகி என்னும் காவல் அதிகாரி. அமெரிக்கப் படத்தில் ஸ்கார்லெட் ஜொஹான்சன் நடித்தார். களம் மாறியதா? இல்லை! ஆசிய நகரம், ஜப்பானிய எழுத்து, ஜப்பானியப் பாவை, எல்லாம் அப்படியே. தலைவியின் முகம் மட்டும் மாறியது. கதையோ இன்னும் கொடிது: ஜப்பானியப் பெண்ணொருத்தியின் மூளையை எடுத்து, நினைவை அழித்து, வெள்ளை முகங்கொண்ட எந்திர உடலில் ஒரு நிறுவனம் பொருத்திவிட்டதாம். அவள் தன் தாயைக் காண்கிறாள். செத்துப்போன மகளைப் பற்றித் தாய் பேச, அந்த மகளே வேற்று முகத்தோடு எதிரில் அமர்ந்து கேட்கிறாள்! தாங்கள் செய்த செயலையே கதையாக்கிக் காட்டிவிட்டார்கள், தம்மை அறியாமல்.

வாணிபமாவது வென்றதா? 11 கோடி டாலர் செலவிட்ட படம், அமெரிக்காவில் ஏறத்தாழ 4 கோடியே ஈட்டியது. நடிகர் தேர்வு குறித்த பேச்சு படத்தைப் பாதித்தது என்று வெளியிட்ட நிறுவனத்தாரே ஒப்பினர்.

மறுப்பொன்று உண்டு. "ஜப்பானியரே குறை கூறவில்லையே! ஓஷியே அத்தேர்வை ஆதரித்தாரே!" என்பர். உண்மைதான், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் டோக்கியோவில் உள்ளவனுக்கு நூறு திரைகள் உண்டு; எல்லாவற்றிலும் அவன் முகமே. அமெரிக்காவில் பிறந்த ஜப்பானியக் குழந்தைக்கு அந்த ஒரு திரைதான். 1942-இல் அந்நாட்டு அரசு ஏறத்தாழ 1,20,000 ஜப்பானிய மரபினரை முள்வேலி முகாம்களில் அடைத்தது. அவர்களுள் பெரும்பாலோர் அங்கேயே பிறந்த குடிமக்கள். முகத்தைக் காரணங்காட்டி அன்று உள்ளே தள்ளினார்கள்; அதே முகத்தைக் காரணங்காட்டி இன்று வெளியே தள்ளுவதா? பசியில்லாதவன் சான்றிதழ், பசித்தவனுக்குச் சோறாகாது.

வழியில்லாமலா போயிற்று? குரோசாவாவின் 'இகிரு' 1952-இல் வந்தது. சாவு நெருங்குவதை அறிந்த நகராட்சி அலுவலர், கோப்பு மலையைக் கடந்து குழந்தைகளுக்கு ஒரு பூங்கா அமைக்கும் கதை. நாகசாகியில் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்த கசுவோ இஷிகுரோ அதை 1953-ஆம் ஆண்டு லண்டனுக்கு ஏற்றி எழுத, 2022-இல் 'லிவிங்' படமாயிற்று. ஆங்கிலேய அலுவலராக ஆங்கிலேயரான பில் நை நடித்தார். எவரும் எதிர்க்கவில்லை. ஏன் எதிர்க்க வேண்டும்? மண் மாறியது; மண்ணுக்குரிய மனிதரும் மாறினர்; கதையின் கேள்வி மட்டும் மாறவில்லை. 2023-இல் வந்த 'ஒன் பீஸ்' தொடரிலோ, கற்பனைக் கடலில் செல்லும் கப்பலுக்குத் தலைவன் மெக்சிகோ இளைஞன், வாள்வீரன் ஜப்பானியன். மூலக்கதை ஆசிரியர் எய்ச்சிரோ ஓடாவே உடனிருந்து ஒப்பினார்.

ஆகவே, இளைஞனே, இனி இப்படியொரு படம் பார்க்கும்போது மூன்று கேள்விகளை உடன் எடுத்துச் செல். களம் மாறியதா? மாறியதெனில், புதிய களத்தின் மக்கள் அங்கே உள்ளனரா? மாறவில்லையெனில், பழைய களத்தின் மக்கள் எங்கே போயினர்? இம்மூன்றுக்கும் விடை கிடைக்கும்வரை, "மக்கள் விரும்புவதில்லை" என்ற பேச்சை நம்பாதே. அந்த மக்களில் நீயும் ஒருவன். உன்னை எவரும் கேட்கவில்லை என்பதை நினைவில் வை.