பாரதி பாட்டுக்கு முதலாளி இருந்த காலம்

உங்களில் எத்தனை பேர் தமிழ்ப் பாடசாலை மேடையில் பாரதியார் பாட்டுப் பாடியிருக்கிறீர்கள்? அநேகமாக எல்லோரும். அம்மா சொல்லித் தந்திருப்பார், அல்லது சங்கீத ரீச்சர். பாரதியின் சொற்களைப் பாடுவதற்கு யாரிடமாவது அனுமதி கேட்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றியிருக்காது. கேட்கத் தேவையும் இல்லை.

ஆனால் 1948இல் நிலைமை வேறு. அந்த ஆண்டு வெளிவந்த ஒரு தமிழ்ப் படத்தில் பாரதியின் பாட்டு ஒன்றைச் சேர்த்ததற்காக, படத்தை எடுத்தவர்கள் மேல் வழக்கு வந்தது. பாரதி பாடல்களை இசைத்தட்டிலும் படத்திலும் ஒலிக்கவிடும் உரிமை ஒரு தனி மனிதரிடம் இருந்தது. அவர் ஓர் இசைத்தட்டு நிறுவனத்தை ஆரம்பித்து வளர்ந்தவர். அந்த நிறுவனத்தின் பெயர் சரஸ்வதி ஸ்டோர்ஸ். அந்த மனிதரின் பெயர் ஏ.வி. மெய்யப்பன். ஏவிஎம் படங்களின் ஏவிஎம் அவர்தான்.

தட்டும் கடதாசியும்

முதலில் ஒரு சின்ன விளக்கம். இன்று பாட்டு வெளியிடும் கொம்பனியை நாங்கள் 'லேபிள்' என்கிறோம். அந்தச் சொல் இசைத்தட்டின் நடுவில் ஒட்டிய வட்டக் கடதாசியிலிருந்து வந்தது. பாட்டு, பாடியவர், வெளியிட்டவர் என்று எல்லாப் பெயரும் அந்தக் கடதாசியில்தான் இருக்கும்.

அந்தக் காலத்துத் தட்டு நிமிடத்துக்கு 78 தடவை சுழலும். ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடம்தான் கொள்ளும். தட்டைச் செய்ய வேண்டிய அரக்கு பெரும்பாலும் இந்தியாவிலிருந்து போனது. தட்டைச் சுழற்றும் பெட்டிக்கு மின்சாரம் தேவையில்லை. மணிக்கூட்டுக்குச் சாவி கொடுப்பது போலக் கைப்பிடியைச் சுற்றினால் உள்ளே இருக்கும் வில் முறுகும், பிறகு அது மெல்ல அவிழும்போது தட்டு சுழலும்.

மணிக்கூடு என்றதும் நாங்கள் இருக்கும் இந்த ஜூரா மலை நினைவுக்கு வரும். ரெனானைச் சுற்றியுள்ள ஊர்களெல்லாம் மணிக்கூடு செய்தே வளர்ந்தவை. அதே மலைத்தொடரில் தென்மேற்கே போனால் சென்ட்-குருவா என்ற ஊர் வரும். இசைப்பெட்டிகளுக்குப் பெயர்போன ஊர். அங்கே 1883இல் தொடங்கிய தொரென்ஸ் நிறுவனம் முதலில் இசைப்பெட்டி செய்தது, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிராமபோனுக்கு மாறியது. மணிக்கூட்டு வில்லில் கைதேர்ந்தவர்களுக்குப் பாட்டுப் பெட்டியின் மோட்டார் பெரிய வித்தையாக இருந்திருக்காது.

இந்தியாவில் 1902இலேயே ஒலிப்பதிவு தொடங்கிவிட்டது. பிரித்தானிய கிராமபோன் கொம்பனியின் ஆட்கள் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜான் போன்றவர்களின் குரலைப் பதிவுசெய்தார்கள். ஆனால் பல வருடங்களுக்குக் கருவியும் தொழிற்சாலையும் வெளிநாட்டுக் கொம்பனிகளிடமே இருந்தன. எங்கள் ஆட்கள் பாடினார்கள். கடைக்காரர்கள் விற்றார்கள்.

விற்றவர் வெளியிடத் தொடங்கினார்

அப்படி விற்ற கடைகளில் ஒன்று காரைக்குடியில் இருந்தது. பெயர் ஏ.வி. அன்ட் சன்ஸ். ஆவிச்சி செட்டியாருடைய கடை. பல பொருட்களோடு இசைத்தட்டும் விற்றார்கள். அவருடைய மகன் மெய்யப்பன் 1907இல் பிறந்தவர். கடையில் நின்று வேலை பழகினார்.

கடையில் நிற்கிறவனுக்கு ஒரு விடயம் நன்றாகத் தெரியும்: சனம் எதைக் கேட்டு வாங்குகிறது, எது தூசி பிடித்துக் கிடக்கிறது என்று. அந்த அறிவு சீமையில் இருக்கும் கொம்பனிக்குக் கிடையாது. தட்டை வாங்கி விற்பதைவிட, எந்தப் பாட்டைத் தட்டாக்குவது என்று தானே முடிவு செய்தால் என்ன என்று மெய்யப்பன் யோசித்தார். சென்னைக்குப் போய், நாராயண ஐயங்கார், சுப்பையா செட்டியார் போன்ற நண்பர்களோடு சேர்ந்து 1932இல் சரஸ்வதி ஸ்டோர்ஸை ஆரம்பித்தார். அப்போது அவருக்கு 25 வயது.

இவர்கள் முழுக்கத் தனித்து நின்றார்கள் என்று சொல்ல முடியாது. ஜெர்மனியில் பிறந்த ஓடியன் என்ற இசைத்தட்டுப் பெயரோடு சேர்ந்துதான் தட்டுகளை வெளியிட்டார்கள். தொழில்நுட்பம் வெளியாருடையது, காது உள்ளூராருடையது. இன்றைக்கு ஒரு சின்ன லேபிள் தன் பாட்டை ஸ்பொட்டிஃபையில் ஏற்றுகிற மாதிரித்தான். எந்த இயந்திரத்தில் ஒலிக்கும் என்பது அவர்கள் கையில் இல்லை. எது ஒலிக்க வேண்டும் என்பது கையில் இருந்தது.

இது ஏன் பெரிய விடயம்? 1931 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் எழுத வாசிக்கத் தெரிந்தவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. புத்தகம் போகாத வீட்டுக்குத் தட்டு போனது. பெட்டி வாங்க வசதியில்லாதவர்களும் கடை வாசலிலும் கலியாண வீட்டிலும் நின்று கேட்டார்கள்.

பாட்டு விற்றவர்கள் பேசும் படத்துக்கும் போனார்கள். 1935இல் 'அல்லி அர்ஜுனா' என்ற படத்தைக் கல்கத்தாவில் எடுத்தார்கள். தோல்வி. ஆனால் மெய்யப்பன் விடவில்லை. 1938இல் 'நந்தகுமார்' படத்தில், நடித்தவரின் குரல் சரியாக அமையாததால் லலிதா வெங்கட்ராமன் என்ற பாடகியின் குரலைப் பதிவுசெய்து சேர்த்தார். நடிப்பவர் ஒருவர், பாடுபவர் இன்னொருவர். இன்று எங்களுக்கு இது சாதாரணம். அப்போது புதுமை. குரலைத் தனியாகக் கேட்டுப் பழகிய ஒரு தட்டு வியாபாரிக்கு அந்த யோசனை வந்ததில் ஆச்சரியமில்லை.

பாரதியின் பத்திரங்கள்

இப்போது பாரதிக்கு வருவோம். 1921 செப்டெம்பரில், 38 வயதில் அவர் இறந்தார். அதற்கு முந்திய ஆண்டு, தன் எழுத்துகள் எல்லாவற்றையும் நாற்பது புத்தகங்களாக அச்சிட வேண்டும் என்று திட்டம் போட்டுப் பலரிடம் கடன் கேட்டு எழுதினார். மண்ணெண்ணெய், தீப்பெட்டி போல ஒவ்வொரு வீட்டிலும் தன் புத்தகம் சாதாரணமாகப் புழங்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. பணம் சேரவில்லை.

அவர் போன பிறகு மனைவி செல்லம்மாவிடம் மிஞ்சியது இரண்டு பெண் பிள்ளைகளும் அந்த எழுத்துகளும்தான். தானே பதிப்பித்துப் பார்த்தார், கடன்தான் ஏறியது. 1931இல் உரிமையை 4,000 ரூபாவுக்குப் பாரதியின் மாற்றாந்தாய்க்குப் பிறந்த தம்பியான விசுவநாதனின் பக்கம் எழுதிக் கொடுத்தார்.

இங்கேதான் கவனிக்க வேண்டும். பதிப்புரிமை என்பது ஒரே ஒரு சாவி இல்லை. அது ஒரு சாவிக்கொத்து. அச்சிட ஒரு சாவி, தட்டில் பதிய ஒரு சாவி, படத்தில் பாட ஒரு சாவி. ஒவ்வொன்றையும் தனித்தனியாக விற்கலாம். மென்பொருள் படிக்கிறவர்களுக்கு இது உடனே விளங்கும்: ஒரே நிரலை ஒருவர் பாவிக்கலாம், ஆனால் விற்க முடியாது என்று லைசென்ஸில் எழுதுவது மாதிரி. 1934இல், பாடல்களை ஒலிவடிவில் பயன்படுத்தும் சாவி மட்டும் சில நூறு ரூபாவுக்குக் கைமாறியது. வாங்கியவர் சென்னையில் இருந்த ஜெசிங்லால் மேத்தா என்ற குஜராத்தி நகை வியாபாரி. 1946இல் அவரிடமிருந்து அதை மெய்யப்பன் வாங்கினார். இந்தத் தடவை விலை 9,500 ரூபா.

அன்றைய இந்தியச் சட்டப்படி எழுதியவர் இறந்து 50 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். அதாவது 1971 முடியும் வரை, ஒருவர் பாரதி பாட்டைத் தட்டில் பதிய வேண்டுமென்றால் இன்னொருவரின் கையெழுத்து வேண்டும்.

மெய்யப்பன் அந்த உரிமையைப் பெட்டியில் பூட்டி வைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1947 தைப்பொங்கலுக்கு வந்த அவருடைய 'நாம் இருவர்' படத்தில் பாரதி பாடல்கள் இருந்தன. டி.கே. பட்டம்மாள் பாட, ஆர். சுதர்சனம் இசையமைக்க, சிறுமி கமலா ஆடினார். சுதந்திரம் வந்துவிட்டது என்று பாரதி முன்கூட்டியே கொண்டாடிய பாட்டு, சுதந்திரம் வர ஏழு மாதம் இருக்கும்போது கொட்டகைகளில் ஒலித்தது. பாரதியின் புத்தகத்தைத் தொடாத ஆயிரக்கணக்கானவர்களின் வாயில் அது போய்ச் சேர்ந்தது.

வழக்கு

அடுத்த ஆண்டு டி.கே.எஸ். சகோதரர்கள் 'பில்ஹணன்' என்ற படத்தை வெளியிட்டார்கள். நாடகத்தால் புகழ்பெற்ற குடும்பம் அது. படத்தில் பாரதியின் பாட்டு ஒன்றைச் சேர்த்திருந்தார்கள். தன்னிடம் உரிமை இருக்க அனுமதியில்லாமல் பயன்படுத்தியதாக மெய்யப்பன் சட்ட நடவடிக்கையில் இறங்கினார்.

சட்டம் அவர் பக்கம்தான். காசு கொடுத்து வாங்கியவர் தன் பொருளைக் கேட்கிறார். ஆனால் டி.கே. சண்முகம் பணிந்து போகவில்லை. நாட்டுக்காகப் பாடிய கவிஞனின் பாட்டுக்கு ஒரு வியாபாரி எப்படிச் சொந்தக்காரன் ஆகலாம் என்ற கேள்வி நீதிமன்றத்தைத் தாண்டித் தெருவுக்கு வந்தது. எழுத்தாளர்களும் பத்திரிகைக்காரர்களும் சேர்ந்து பாரதி விடுதலைக் கழகம் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். ஆளுக்குத்தான் விடுதலை கேட்பது வழக்கம். இவர்கள் பாட்டுக்கு விடுதலை கேட்டார்கள். நாரண துரைக்கண்ணன், திருலோக சீதாராம், டி.கே. சண்முகம் ஆகியோர் திருநெல்வேலிக்குப் போய்ச் செல்லம்மாவைச் சந்தித்து அவருடைய சம்மதத்தைக் கேட்டார்கள். சட்டப்படி அவரிடம் எந்த உரிமையும் மிஞ்சியிருக்கவில்லை. இருந்தும் அவரிடம்தான் போனார்கள்.

அப்போது சென்னை மாகாணத்தின் முதல்வர் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார், கல்வி அமைச்சர் டி.எஸ். அவினாசிலிங்கம். 1949 மார்ச்சில், பாரதியின் எழுத்துகளை அரசே ஏற்கும் என்று அறிவிக்கப்பட்டது. மெய்யப்பன் தன்னிடம் இருந்த ஒலி உரிமையை ஒரு சதமும் வாங்காமல் அரசிடம் கொடுத்தார். செல்லம்மாவுக்கும் இரண்டு மகள்களுக்கும் தலா 5,000 ரூபாவை அரசு கொடுத்தது. 1950களின் நடுவில், யார் வேண்டுமானாலும் பாரதியை வெளியிடலாம் என்று அரசு கதவை முழுதாகத் திறந்துவிட்டது. சட்டப்படி இன்னும் பதினைந்து வருடத்துக்கு மேல் பாக்கி இருந்தது.

'நாட்டுடைமை' என்ற வழக்கம் இப்படித்தான் தமிழில் வேரூன்றியது. அதன் பிறகு நூற்றுக்கு மேற்பட்ட எழுத்தாளர்களின் படைப்புகளைத் தமிழ்நாட்டு அரசு இதேபோல வாங்கிப் பொதுவாக்கியிருக்கிறது. இந்த வரலாற்றை முழுதாக அறிய விரும்பினால் ஆ.இரா. வேங்கடாசலபதியின் 'பாரதி: கவிஞனும் காப்புரிமையும்' என்ற புத்தகத்தைத் தேடிப் படியுங்கள். பெரிய புத்தகம் இல்லை.

எங்களுக்கு என்ன?

இதில் மெய்யப்பனை வில்லனாக்கிப் பார்ப்பது சுலபம். எனக்கு அது சரியாகப் படவில்லை. அவரைப் போன்றவர்கள் காசைப் போட்டுத் துணியாவிட்டால் அந்தக் காலத்துக் குரல்களில் பல எங்களுக்குக் கிடைத்தே இருக்காது. ஆனால் முதல் போட்டவரும் எழுதியவரும் ஒருவரில்லை. 4,000 ரூபாவுக்குச் செல்லம்மா கையெழுத்திட்டபோது, அந்தச் சாவிக்கொத்தில் ஒரு சாவிக்கு மட்டும் பின்னால் 9,500 ரூபா வரும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

இது பழைய கதையும் இல்லை. 2017இல், அமெரிக்காவில் மேடை நிகழ்ச்சி நடத்திக்கொண்டிருந்த எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்கு இளையராஜா தரப்பிலிருந்து வக்கீல் கடிதம் போனது, தன் பாடல்களை அனுமதியின்றிப் பாடக் கூடாது என்று. 2021இல் மாஜ்ஜா என்ற புதிய சுயாதீன லேபிள் 'எஞ்சாய் எஞ்சாமி'யை வெளியிட்டது. உங்களில் அதைக் கேட்காதவர்கள் இருக்க மாட்டீர்கள். 2024இல் அந்தப் பாட்டின் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன், அதிலிருந்து தங்களுக்கு வருமானமே வரவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார்.

உங்களில் சிலர் ராப் எழுதுகிறீர்கள், சிலர் அறையில் இருந்தே பீட் போடுகிறீர்கள். நாளைக்கு ஒரு லேபிள் உங்களைத் தேடி வரலாம். அப்போது கேட்க வேண்டிய கேள்விகள் 1931இல் இருந்தவைதான். எந்தச் சாவியைக் கேட்கிறார்கள்? எத்தனை வருடத்துக்கு? திருப்பி வாங்க முடியுமா? சுவிஸில் எழுதியவரின் உரிமை அவர் இறந்து 70 ஆண்டுகள் நீடிக்கும். இருபது வயதில் ஒரு பின்னேரம் போடும் கையெழுத்து உங்கள் பேரப்பிள்ளைகள் வரை போகும்.

பாரதியைப் பாடும்போதும் ஒன்றை நினைவில் வையுங்கள். சொற்கள் எல்லோருக்கும் சொந்தம், ஆனால் பின்னாளில் ஒருவர் போட்ட மெட்டு அவருடையது. அவருடைய மெட்டு வேண்டுமென்றால் கேட்டுப் பாவியுங்கள். இல்லாவிட்டால் நீங்களே ஒரு மெட்டுப் போடுங்கள். அதைத் தடுக்க 1950களின் நடுவிலிருந்து யாருக்கும் உரிமை இல்லை.