ஆஸ்திரேலியாவின் நன்னடத்தைச் சோதனை

நன்னடத்தைச் சோதனை என்பது, ஆஸ்திரேலியாவில் நுழைய அல்லது தங்க விரும்பும் வெளிநாட்டவரின் விசாவை, அவரது நடத்தையைக் காரணம் காட்டி மறுக்கவோ இரத்துச் செய்யவோ அந்நாட்டு அரசுக்கு அதிகாரம் அளிக்கும் விதியாகும். இது 1958 ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டத்தில் 501 ஆம் பிரிவாக உள்ளது. இவ்விதி குற்றவாளிகளுக்கு மட்டும் உரியதன்று. குற்றச் செயலில் ஈடுபட்டதாக ஐயுறப்படும் ஒருவருடன் தொடர்பு உடையவரும் இச்சோதனையில் தவறலாம்.

விசாவை இழந்தவரைக் காவலில் வைத்தே ஆகவேண்டும் என்பது இதே சட்டத்தின் மற்றொரு விதி. இதற்கு நீதிமன்ற ஆணை தேவையில்லை. எனவே அமைச்சரின் ஒரு கையொப்பம் ஒருவரைக் காலவரையின்றி அடைத்துவைக்கப் போதுமானதாக இருந்தது. அரசியல் விவாதத்தின் வேர் இங்கேதான் உள்ளது.

அனீப் வழக்கு

இந்தியரான மருத்துவர் முகமது அனீப் 2007 சூலை 2 அன்று பிரிஸ்பேன் விமான நிலையத்தில் கைது செய்யப்பட்டார். கிளாஸ்கோ விமான நிலையத் தாக்குதலுடன் தொடர்புபடுத்தப்பட்ட உறவினர் ஒருவருக்குத் தமது சிம் அட்டையைக் கொடுத்துச் சென்றதே அவர்மீது கூறப்பட்ட குற்றம். பன்னிரண்டு நாட்கள் குற்றச்சாட்டின்றிக் காவலில் வைக்கப்பட்டார். சூலை 16 அன்று நீதிமன்றம் பிணை வழங்கிய சில மணி நேரத்தில், அமைச்சர் கெவின் ஆண்ட்ரூசு 501 ஆம் பிரிவின்கீழ் அவரது விசாவை இரத்துச் செய்தார். நீதிமன்றம் திறந்த கதவை அமைச்சகம் அடைத்தது என்றே எதிர்ப்பாளர்கள் இதனைக் கண்டனர்.

அந்த அட்டை தாக்குதல் வாகனத்தில் கிடைத்ததாக அரசுத் தரப்பு கூறியது தவறு எனப் பின்னர் தெரியவந்தது. சூலை 27 அன்று வழக்கு திரும்பப் பெறப்பட்டது. ஆகஸ்டில் கூட்டாட்சி நீதிமன்றம், வெறும் உறவுமுறையைக் குற்றத் தொடர்பாகக் கொள்ள இயலாது என்று கூறி அமைச்சரின் முடிவை நீக்கியது. அவ்வாண்டு டிசம்பரில் மேல்முறையீட்டிலும் இத்தீர்ப்பே நிலைத்தது.

2014 திருத்தமும் நியூசிலாந்தும்

2014 திருத்தத்தின்படி, ஓராண்டு அல்லது அதற்கு மேற்பட்ட தண்டனை பெற்றுச் சிறையில் இருப்பவரின் விசா கட்டாயமாக இரத்துச் செய்யப்படுகிறது. அதைத் திரும்பக் கோர அவருக்கு 28 நாட்கள் உண்டு. தீர்ப்பாயம் அவருக்குச் சாதகமாக முடிவெடுத்தாலும் அமைச்சர் அம்முடிவை மாற்றலாம்.

இத்திருத்தத்தால் மிகுதியும் பாதிக்கப்பட்டவர்கள் நியூசிலாந்தினர். குழந்தைப் பருவத்தில் வந்து, குடியுரிமை பெறாமலே வளர்ந்தவர்கள் பலர், தண்டனை முடிந்த பின்னர் அறிமுகமற்ற 'தாய்நாட்டுக்கு' அனுப்பப்பட்டனர். அந்நாட்டுப் பிரதமர் யசிந்தா ஆர்டென் 2020 இல் சிட்னியில், ஆஸ்திரேலியப் பிரதமரை அருகில் வைத்துக்கொண்டே இதனைக் கண்டித்தார். நாட்டுடன் ஒருவருக்குள்ள பிணைப்பை முதன்மையாகக் கருதவேண்டும் என 2023 இல் 99 ஆம் பணிப்புரை வெளியானது. கடுங்குற்றவாளிகள் சிலர் இதனால் விசாவைத் திரும்பப் பெற்றதாக எதிர்க்கட்சி தாக்கவே, 2024 இல் சமூகப் பாதுகாப்பை முன்னிறுத்தும் 110 ஆம் பணிப்புரை அதன் இடத்தைப் பிடித்தது.

உயர் நீதிமன்றத் தீர்ப்புகள்

திருப்பியனுப்ப நாடில்லாதோரைக் காலவரையின்றி அடைத்துவைக்கலாம் என 2004 இல் கூறிய உயர் நீதிமன்றம் (அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் இதுவே), 2023 நவம்பரில் அதனை மாற்றிக்கொண்டது. நாடற்ற ரோகிங்கியர் ஒருவர் தொடுத்த வழக்கு அது. நூற்றுக்கும் மேற்பட்டோர் விடுதலையாயினர். அவர்கள்மீது அரசு சுமத்திய கணுக்கால் கண்காணிப்புக் கருவியையும் இரவு ஊரடங்கையும் நீதிமன்றம் 2024 நவம்பரில் செல்லாதாக்கியது. நீதிமன்றம் விதிக்க வேண்டிய தண்டனையை நிருவாகம் விதிக்கலாகாது என்பதே காரணம். 2025 ஆகஸ்டில், இவர்களை ஏற்றுக்கொள்ள நவூரு நாட்டுடன் ஆஸ்திரேலியா உடன்பாடு செய்துகொண்டது.