டிஸ்க்கை நிரப்பியது யார்?

சர்வரில் இடமில்லை என்று யார் கூப்பிட்டாலும் என் விரல்கள் முதலில் தட்டுவது டிஎஃப், அடுத்தது டியூ. மிச்சம் எவ்வளவு என்று முன்னது சொல்லும். எந்தக் கோப்புறை எவ்வளவு தின்றிருக்கிறது என்று பின்னது சொல்லும். இரண்டும் 1971 நவம்பரில் வந்த யுனிக்ஸ் முதல் பதிப்பின் கையேட்டிலேயே உண்டு. அந்தக் காலத்து ஆர்கே05 டிஸ்க் ஒன்றில் பிடித்தது சுமார் 2.5 எம்பி. இன்று செல்போனில் எடுக்கும் ஒரு படத்துக்கே அது காணாது.

ஒரே கம்ப்யூட்டரை ஊரே பங்குபோட்ட நாட்களில், டியூ கணக்கை வரிசைப்படுத்தி எல்லோர் கண்ணிலும் படும்படி வைப்பார்கள். பட்டியலில் முதல் பெயராக இருப்பது கௌரவமில்லை. சிலர் அழித்தார்கள். சிலருக்கு எதுவும் உறைக்கவில்லை.

அவர்களுக்காகத்தான் கோட்டா. மெல்போர்ன் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் எல்ஸ் எழுதியது 1983-இல் 4.2பிஎஸ்டி என்ற யுனிக்ஸ் வெளியீட்டோடு வந்தது. ஆளுக்கு இரண்டு எல்லை. கடுமையான எல்லையை யாரும் தாண்ட முடியாது. மென்மையானதைத் தாண்டலாம், ஆனால் லாகின் செய்யும்போதெல்லாம் எச்சரிக்கை வரும். மூன்று முறை கண்டுகொள்ளாவிட்டால் அதுவும் கடுமையானதாகிவிடும், அழித்துக் கீழே இறங்கும்வரை எழுத விடாது. மனிதர்களோடு பழகியவர் செய்த வேலை என்று எனக்குப் படும். பிற்பாடு லாகின் கணக்கு போய், ஒரு வார அவகாசம் வந்தது.

அதே வெளியீட்டில் மெக்குசிக் முதலியோரின் புதிய ஃபைல் சிஸ்டமும் இருந்தது. டிஸ்க் நிறைய நிறைய வேகம் விழும் என்பதால் 10 சதவீதத்தை அது ஒதுக்கிவைத்தது. நிர்வாகியான ரூட் மட்டும் அதில் கை வைக்கலாம். அதுவும் நிறைந்துவிட்டால், மற்ற 90-ஐயே முழுசாக எண்ணும் டிஎஃப் 111 சதவீதம் என்றுகூடக் காட்டும். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் மிரள்வார்கள்! லினக்ஸின் எக்ஸ்ட்2 அந்த ஒதுக்கீட்டை 5 ஆக்கிக்கொண்டது.

2000-க்குப் பிறகு நாங்கள் விர்ச்சுவல் சர்வர்களை வாடகைக்கு விடத் தொடங்கியபோது இந்தக் கணக்கெல்லாம் குழம்பியது. ஓப்பன்விஇசட் மாதிரி கன்டெய்னர்களில் சிக்கல் குறைவு: ஆரம்பத்தில் வாடிக்கையாளரின் ஃபைல்கள் ஹோஸ்டின், அதாவது எல்லாவற்றையும் சுமக்கும் நிஜ சர்வரின், டிஸ்க்கிலேயே நேராகக் கிடந்தன, அவர் அழித்தால் இடம் உடனே திரும்பும். ஸென், கேவிஎம் அப்படியல்ல. உள்ளே இருப்பவருக்கு அது டிஸ்க். ஹோஸ்டுக்கோ பெரும்பாலும், எழுத எழுத வளரும் ஒரே பெரிய இமேஜ் ஃபைல். உள்ளே 20 ஜிபி அழித்தாலும் அது உள்ளே மட்டுமே குறிக்கப்படும்; வெளியே இமேஜ் ஒரு பைட்கூடச் சுருங்காது. இருப்பதைவிட அதிகமாக வாக்குக் கொடுத்த ஹோஸ்ட் நிறைந்துவிட்டால், எந்த சர்வருக்குள் போய் டிஎஃப் போட்டாலும் தாராளமாக இடமிருப்பதாகவே காட்டும். எழுத்து மட்டும் நடக்காது.

இதற்கு விசித்திரமான வைத்தியம் ஒன்று வைத்திருந்தோம். உள்ளே காலி இடம் முழுவதையும் டிடி கட்டளை கொண்டு பூஜ்யங்களால் ஒரு ஃபைலாக நிரப்பி, அந்த ஃபைலை அழித்து, இமேஜைப் பூஜ்யங்கள் நீங்கலாக மறுபடி நகலெடுப்போம். அதாவது இடம் மீட்க, முதலில் இமேஜ் முழு அளவுக்கு வீங்க வேண்டும். நகலுக்குத் தனி இடமும் வேண்டும். நிறைந்து கிடக்கும் ஹோஸ்டில் அது எங்கே இருக்கும்? பக்கத்து ஹோஸ்டில் கடன் வாங்குவோம்.

இப்போது டிஸ்கார்ட் என்ற வசதி இருக்கிறது. உள்ளே எஃப்எஸ்ட்ரிம் ஓட்டினால் காலியான பிளாக்குகள் எவை என்பது ஹோஸ்டுக்கும் தெரிந்துவிடும். ஆனால் அந்த விர்ச்சுவல் டிஸ்க்கில் அதைத் திறந்துவைத்திருக்க வேண்டும். எங்கள் பழைய சர்வர்கள் பலவற்றில் அது இல்லை. அங்கே இன்னும் பூஜ்யம்தான்.