தம்பானூர் தெருவில் உறங்குபவர்களுக்குக் கம்பளி போதுமா? மழைக்கால உதவிக்கு ஒரு வழிகாட்டி

இரவு ரயிலில் வந்து தம்பானூரில் இறங்கியவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. ஒரு பக்கம் திருவனந்தபுரம் சென்ட்ரல் ரயில் நிலையம், எதிரே அரசுப் பேருந்து நிலையம். இடையில் கடை வாசல்களிலும் நடைபாதையிலும் அட்டை விரித்துப் படுத்திருப்பவர்கள்.

குளிர்காலம் வருகிறது என்றதும் கம்பளி வாங்கிக் கொடுக்கலாமா என்று பலருக்கும் தோன்றும். ஆனால் இங்கே பிரச்னை வேறு.

குளிரே இல்லாத ஊரில் என்ன ஆபத்து?

டெல்லியில் ஜனவரி இரவுகளில் வெப்பநிலை 5 டிகிரிக்கும் கீழே போகும். திருவனந்தபுரத்தில் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவதே அபூர்வம்.

இங்கே சிக்கல் மழைதான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, மலையாளத்தில் துலாவர்ஷம். தம்பானூர் தாழ்வான பகுதி. ஆமையிழஞ்சான் கால்வாய் ரயில் நிலையத்துக்கு அடியில் ஓடுகிறது. அது அடைத்துக்கொண்டால் தண்ணீர் சாலைக்கு வரும். இதைச் சரிசெய்யத்தான் 2015-ல் 'ஆபரேஷன் அனந்தா' தொடங்கப்பட்டது.

நனைந்த துணியோடு காற்றில் படுத்தால் 22 டிகிரியிலும் உடல் சூடு குறையும். காலில் புண்ணோடு தேங்கிய நீரில் நடந்தால் எலிக்காய்ச்சல் வரலாம்.

எத்தனை பேர்?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் வீடற்றவர்கள் சுமார் 17.7 லட்சம் பேர். அதில் பாதிக்கும் மேல், சுமார் 9.4 லட்சம் பேர், நகரங்களில். ஒரே இரவில் எடுத்த கணக்கு என்பதால் கண்ணில் படாமல் போனவர்கள் அதில் இல்லை.

அரசின் கடமை என்ன?

1 லட்சம் மக்கள்தொகைக்குக் குறைந்தது 100 பேர் தங்கும் காப்பகம், ஆண்டு முழுவதும், 24 மணி நேரமும். உச்ச நீதிமன்றம் 2010-ல் வலியுறுத்திய இந்த அளவுகோல், 2013-ல் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்திலும் இடம்பெற்றது. ஒருவருக்குக் குறைந்தது 50 சதுர அடி இடம் வேண்டும்.

2011-ல் திருவனந்தபுரம் மாநகராட்சியின் மக்கள்தொகை சுமார் 7.4 லட்சம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: குறைந்தது 700 பேருக்கு இடம் இருக்க வேண்டும்.

தம்பானூரில் எங்கே தங்கலாம்?

பேருந்து நிலையக் கட்டடத்திலேயே 'என்டெ கூடு' இருக்கிறது. கேரள மகளிர், குழந்தைகள் மேம்பாட்டுத் துறையின் இலவச இரவுத் தங்குமிடம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மட்டும், அதுவும் சில நாட்களுக்குத்தான். நிரந்தர வீடு இல்லாதவருக்கு இது தொடக்கம் மட்டுமே.

நாம் என்ன பண்ணலாம்?

• முதலில் பேசுங்கள். "என்ன வேணும்?" என்று கேட்ட பிறகு வாங்குங்கள். தார்ப்பாய், பாய், மாற்றுத்துணி, செருப்பு, கொசுவிரட்டி ஆகியவை இங்கே கம்பளியைவிடப் பயன்படும்.

• போட்டோ எடுக்காதீர்கள். பலர் வீட்டு வன்முறையில் இருந்து தப்பி வந்தவர்களாக இருக்கலாம்.

• காய்ச்சல், உடல்வலி என்றால் அரசு மருத்துவமனைக்கு அனுப்புங்கள். எலிக்காய்ச்சல் தடுப்பு மாத்திரையை நீங்களாகக் கொடுக்காதீர்கள். சுகாதாரப் பணியாளரிடம் கேளுங்கள்.

• எண்களைச் சேமித்துக்கொள்ளுங்கள்: பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, முதியோருக்கு 14567, மனநல ஆலோசனைக்கு 14416, ஆம்புலன்ஸ் 108, அவசரத்துக்கு 112.

• மனநலம் பாதித்து, தன்னைக் கவனித்துக்கொள்ள முடியாமல் அலைபவரைக் கண்டால் காவல் துறைக்குச் சொல்லலாம். 2017 மனநலச் சட்டப்படி அவரை 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். லாக்கப்பில் வைக்கக் கூடாது.

முகவரி இல்லாதவருக்கு ஓட்டு உண்டா?

உண்டு. படிவம் 6-ல் அவர் தூங்கும் இடத்தையே முகவரியாக எழுதலாம். அதற்குத் தனியாக ஆவணம் தேவையில்லை. வாக்குச்சாவடி அதிகாரி ஒன்றுக்கு மேற்பட்ட இரவுகள் நேரில் வந்து, அவர் அங்கேதான் தூங்குகிறாரா என்று பார்ப்பார். அந்தப் படிவத்தை நிரப்ப உதவுவதற்கு உங்களுக்குப் பத்து நிமிடம் ஆகும். வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கும் ஒருவர் காப்பகம் கேட்டால், கவுன்சிலர் பதில் சொல்லியாக வேண்டும்.